ஆற்றோரம் ஒரு சைக்கிள் நாள்: அலோர்ஸ்டாருக்குக் குடும்பத்தோடு புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கெடாவில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்விதான்: பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? பினாங்கு என்றால் பாலத்தில் நெரிசல். லங்காவி என்றால் படகு, விடுதி என்று செலவு கூடும். பேரங்காடிக்குப் போனால் குளிர்சாதனத்தில் சுற்றிவிட்டு, பை நிறைய பொருளும் கை நிறைய பில்லுமாகத் திரும்புவோம். இதற்கு நடுவே, வீட்டுத் தாழ்வாரத்தில் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களை யாரும் நினைப்பதில்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு சைக்கிள் ஓர் உழைப்புக் கருவி. இருட்டோடு வெட்டுக்குப் போனதும், பால் வாளியைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்ததும், மாலையில் கடைக்குப் போனதும் அதில்தான். லயத்துப் பிள்ளைகள் செம்மண் சாலையில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார்கள். இன்று அந்தத் தோட்டங்களில் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. தாமான் சாலைகளில் கார்கள் இருபுறமும் நிற்கின்றன. மோட்டார் சைக்கிள்கள் சந்துக்குச் சந்து பாய்கின்றன. பிள்ளையிடம் சைக்கிள் இருக்கிறது, ஓட்ட இடம்தான் இல்லை.

உடல்நலக் கணக்கும் கவலை தருகிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடலை நன்கு அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு நாள் சைக்கிள் உலா இதையெல்லாம் சரிசெய்துவிடாது. ஆனால் முதல் உலா இனிமையாக அமைந்தால் பிள்ளையே அடுத்த வாரம் கேட்கும். வெயிலிலும் அழுகையிலும் முடிந்தால் சைக்கிள் மறுபடியும் தாழ்வாரத்துக்கே போய்விடும்.

அதனால் இந்தத் திட்டத்தில் ஒரே விதிதான் முதன்மையானது: தூரம், நேரம், பாதை ஆகிய மூன்றையும் குடும்பத்தில் மிகச் சின்னவரின் காலுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். அப்பாவின் பழைய வேகத்தையோ அண்ணனின் ஆசையையோ அளவாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் அலோர்ஸ்டார்?

கெடாவின் தலைநகரான அலோர்ஸ்டார் ஆற்றோடு பிறந்த ஊர். மலாய்மொழியில் 'அலோர்' என்றால் நீரோடை. பெயரின் பின்பாதி ஒரு பழமரத்தைக் குறிக்கிறது. 1735இல் சுல்தான் முகமட் ஜீவா இதைத் தம் ஆட்சித் தலைநகராக நிறுவினார். 2003 டிசம்பரில் மாநகரத் தகுதி கிடைத்தது. சுங்கை கெடாவும் சுங்கை அனாக் புக்கிட்டும் சந்திக்கும் தஞ்சோங் சாலி, நகரின் நடுப்பகுதியிலேயே இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு செல்வோருக்கு இந்நகரில் மூன்று வசதிகள் உண்டு.

முதலாவது, நிலம் தட்டையானது. சுற்றிலும் நெல்வயல்கள், ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. கியர் இல்லாத சைக்கிளே போதும்.

இரண்டாவது, பார்க்க வேண்டியவை நெருங்கியே இருக்கின்றன. 1912இல் கட்டத் தொடங்கி 1915இல் திறக்கப்பட்ட ஸாஹிர் பள்ளிவாசல், சுல்தான்களின் அவை கூடிய பாலாய் பெசார், அரச இசைக்கருவிகளைப் பாதுகாக்கும் பாலாய் நோபாட், பழைய மணிக்கூண்டு, மாநிலக் கலைக்கூடம் ஆகியவை ஒரே திடல் பகுதியைச் சுற்றி அமைந்துள்ளன. பெக்கான் ராபு சந்தையும் ஆற்றங்கரையும் அங்கிருந்து நடந்தே போகும் தூரம்தான். சைக்கிளில் சில நிமிடங்கள்.

மூன்றாவது, சலித்துப்போனால் உடனே நிறுத்திவிடலாம். பத்து கிலோமீட்டர் தள்ளி காட்டுக்குள் பிள்ளை அழுதால் என்ன செய்வது என்ற பயம் இங்கே தேவையில்லை. கழிப்பறை, கடை, நிழல், வாகனம் எல்லாம் அருகிலேயே உண்டு.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது முழுவதும் சைக்கிளுக்கென ஒதுக்கப்பட்ட பாதை இல்லை. ஆற்றோர நடைபாதையில் நடப்பவர்களுக்கே முதல் உரிமை. நகரச் சாலைகளில் வாகனங்கள் ஓடும். அதனால்தான் நாளையும் நேரத்தையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

எந்த நாள்? எந்த நேரம்?

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஸாஹிர் பள்ளிவாசலைச் சுற்றித் தொழுகைக்காகக் கூட்டமும் வாகனங்களும் சேரும். அந்த நேரத்தில் அப்பகுதியைத் தவிர்ப்பதே மரியாதையும் வசதியும். ஞாயிறு இங்கே பள்ளி நாள், அலுவலக நாள். காலையில் சாலைகள் நிறைந்திருக்கும். ஆகவே சனிக்கிழமைக் காலையே சிறந்தது. பினாங்கிலோ பேராக்கிலோ இருக்கும் உறவினர்களுக்கும் சனி விடுமுறைதான் என்பதால் மாமா, அத்தை குடும்பத்தோடு சேர்ந்து போகவும் அதுவே பொருந்தும்.

நேரத்தைப் பொறுத்தவரை நம் கடிகாரம் சற்று ஏமாற்றும். கெடா தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. நாம் பின்பற்றுவதோ கிழக்கே சபாவுக்கும் பொருந்தும் பொது நேரம். அதனால் இங்கே சூரியன் உதிக்க 7 மணியிலிருந்து 7.30 வரை ஆகும். உச்சிக்கு வர மதியம் 1 மணியைத் தாண்டிவிடும். காலை 7.30க்குப் புறப்பட்டால் வெளிச்சமும் இருக்கும், குளிர்ச்சியும் இருக்கும். 10.30க்குள் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். அதன்பின் வெயில் ஏறிக்கொண்டே போகும்.

மாலையில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், ஆனால் மாலை மழையும் இடியும் நம் நாட்டில் வழக்கம். இடி கேட்டால் ஆற்றங்கரையையும் வயல்வெளியையும் விட்டு உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

ஆண்டின் தொடக்க மாதங்களில் வட கெடா வறண்டு, வெயில் கடுமையாக இருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். ஆறு பெருகும் காலத்தில் கரையோரத் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். வெள்ளம் வடிந்த பிறகும் சேறு படிந்த கரையில் பிள்ளைகளை விளையாட விட வேண்டாம். எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சல், காலில் உள்ள சிறு காயத்தின் வழியாகவே தொற்றக்கூடியது.

அங்கே போய்ச் சேர்வது எப்படி?

சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண் வட்டாரங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேனிலோ காரிலோ சைக்கிள்களை ஏற்றிச் செல்வார்கள். பின்புறத் தாங்கியில் மாட்டினால் வாகன எண் பலகையும் பின் விளக்குகளும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தையும் கைப்பிடியையும் தனியாகக் கட்டவில்லை என்றால் வளைவுகளில் ஆடும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை என்பதை இளையோருக்குச் சொல்லி வையுங்கள்.

ரயிலும் ஒரு வழி. பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை ஓடும் கேடிஎம் கொமுட்டர் சுங்கைப்பட்டாணி, குரூண், கோபா, அலோர்ஸ்டார், அனாக் புக்கிட் நிலையங்களில் நிற்கிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டாருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். சைக்கிளோடு ஏற நினைப்பவர்கள் மடக்கும் சைக்கிளா, முழு சைக்கிளா என்பதைச் சொல்லி, நிலைய முகப்பில் முந்தைய நாளே விதிமுறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புறப்படும் காலையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. பல பிள்ளைகளுக்கு ரயில் பயணமே பாதித் திருவிழா.

பாதை: முதல்முறை செல்வோருக்கு

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை மணிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் நிதானமாக ஓட்டும். 5 கிலோமீட்டர் சுற்று என்றால் மிதிக்கும் நேரம் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். நிற்பது, படம் எடுப்பது, தண்ணீர் குடிப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கு இதுவே நிறைவு.

காலை 7.30: பள்ளிவாசலும் பாலாய் பெசாரும் உள்ள திடல் பகுதியில் தொடங்குங்கள். இந்தச் சுற்றில் பிள்ளைகள் பிரேக்கைப் பழகட்டும்; நீங்கள் அவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். சாலையைக் கடக்க வேண்டிய இடங்களில் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும்.

காலை 8.15: தஞ்சோங் சாலி ஆற்றங்கரை. இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் நின்று, எந்த நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். அது வயல்களையும் ஊர்களையும் கடந்து வருவது. கரையில் உடும்பு தென்பட்டால் தள்ளி நின்று பார்த்தால் போதும். நடைபாதையில் ஆட்கள் அதிகம் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். இங்கே பெரியவர் ஆற்றுப் பக்கமும் பிள்ளை உள்பக்கமும் செல்ல வேண்டும்.

காலை 9.00: பெக்கான் சீனா பகுதியின் பழைய கடைவீடுகளைப் பார்த்தபடி மெதுவாக வந்து, காலை உணவுக்கு நிறுத்துங்கள். ரொட்டி சானாய், நாசி லெமாக், தோசை என எது கிடைத்தாலும் சரி. உட்கார்ந்து, கை கழுவி, நிதானமாகச் சாப்பிடுங்கள்.

காலை 9.45: பெக்கான் ராபு வழியாகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்புங்கள். கெடாவின் பலகாரங்களுக்குப் பெயர் பெற்ற சந்தை இது. சைக்கிளைப் பூட்டிவிட்டு ஒருவர் காவல் இருக்க, மற்றவர்கள் உள்ளே போய் வரலாம்.

காலை 10.30க்குப் பிறகு சைக்கிள்கள் வாகனத்தில் ஏறட்டும். பிள்ளைகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால் 165.5 மீட்டர் உயரமுள்ள அலோர்ஸ்டார் கோபுரத்தில் ஏறி, காலையில் சுற்றிய ஆற்றையும் சாலைகளையும் மேலிருந்து காட்டலாம். துங்கு அப்துல் ரஹ்மான் வாழ்ந்த ருமா மெர்டேக்கா, துன் மகாதீர் பிறந்த வீடு ஆகியவையும் நகருக்குள்ளேயே உண்டு. திறப்பு நேரத்தை முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டம்: பிள்ளைகள் தேறிய பிறகு

இரண்டு மூன்று முறை போய்வந்த குடும்பங்களுக்கு வயல்வெளிச் சாலைகள் காத்திருக்கின்றன. நகருக்கு வடக்கே 218 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலையான குனோங் கெரியாங்கின் அடிவாரத்தில் நெல் அருங்காட்சியகம் இருக்கிறது. வாகனத்தில் அதுவரை போய், அங்கிருந்து அருகிலுள்ள வயல் சாலைகளில் மட்டும் சற்று ஓட்டலாம். நிழல் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். அறுவடைக் காலத்தில் அறுப்பு இயந்திரங்களும் நெல் லாரிகளும் அந்தக் குறுகிய சாலைகளையே பயன்படுத்தும். அது அவர்களின் தொழில் நேரம், நாம்தான் ஒதுங்க வேண்டும்.

இந்த வயல்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சுல்தான் அப்துல் ஹமீத் காலத்தில் முதலமைச்சராக இருந்த வான் முகமட் சமான், 1885இல் தொடங்கி 1895இல் முடித்த கால்வாய் அலோர்ஸ்டாரிலிருந்து ஜெராய் மலை அடிவாரப் பக்கம் வரை சுமார் 36 கிலோமீட்டர் நீளம். இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு அதன் நேர்க்கோட்டைக் குறித்தார்கள் என்று சொல்வார்கள். சதுப்பு நிலம் நெல்வயலாக மாற அந்தக் கால்வாய் பெரும் காரணம். இன்றும் வான் மாட் சமான் கால்வாய் என்ற பெயரில் அது ஓடுகிறது. நேரான கால்வாய் என்பதால் இளையோருக்கு அதன் ஓரமாகவே நெடுந்தூரம் ஓட்ட ஆசை வரும். லாரியும் பேருந்தும் ஓடும் பெருஞ்சாலை அருகே வரும் பகுதிகளில் பிள்ளைகளோடு ஓட்டுவது தகாது. பாலத்தில் நின்று பார்த்து, கதையைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

சுங்கை கெடா கடலில் கலக்கும் கோல கெடா, அலோர்ஸ்டாரிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர். போய்வர 24. பழகிய பெரியவர்களுக்கு இது எளிது, சின்னவர்களுக்கு ஆகாது. குடும்பமாகப் போவதென்றால் வாகனத்தில் போய், 18ஆம் நூற்றாண்டுக் கோட்டையைப் பார்த்து, லக்சா சாப்பிட்டுத் திரும்புவதே நல்லது.

சுங்கைப்பட்டாணி பக்கத்தவருக்கு: மெர்போக்

அலோர்ஸ்டார் தூரம் என்று நினைப்பவர்கள் மெர்போக் ஆற்றை நாடலாம். செமிலிங் படகுத்துறையிலிருந்து பார்த்தால் அலையாத்திக் காடு விரிந்து கிடக்கும். தமிழர்களுக்கு இந்த ஆற்றங்கரை அந்நியமும் இல்லை. கடாரம் என்று சோழர் கல்வெட்டுகளும், காழகம் என்று பட்டினப்பாலையும் குறிப்பிடும் நாட்டின் வணிகத் தடயங்கள் இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில்தான் கிடைத்திருக்கின்றன. காழகத்திலிருந்து வந்த பொருள்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்ததைச் சங்கப்புலவர் பாடியிருக்கிறார். 1025 அளவில் முதலாம் ராஜேந்திரனின் கடற்படை இங்கே வந்தது. புக்கிட் பத்து பகாட்டில் உள்ள சண்டி, 1960 வாக்கில் மீட்டமைக்கப்பட்ட கோயில் அடித்தளம். அதையொட்டியே பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

ஆனால் சைக்கிள் என்று வரும்போது எச்சரிக்கை தேவை. பீடோங், செமிலிங், மெர்போக் சாலைகளில் வாகனங்கள் வேகமாகச் செல்லும். சாலையோரம் பல இடங்களில் குறுகலானது. அருங்காட்சியகத்துக்குக் கடைசியில் ஏற்றமும் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு இதை வாகனப் பயணமாகவே வையுங்கள். ஆற்றோரத்தில் போக்குவரத்து இல்லாத சிறு பகுதியில் மட்டும் சைக்கிளை இறக்கலாம்.

சைக்கிளைச் சரிபார்ப்பது

கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே இதைச் செய்யுங்கள். காலையில் பார்த்தால் சரிசெய்யக் கடை திறந்திருக்காது.

* டயர்: கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கக் கூடாது. மாதக்கணக்கில் நின்ற டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.
* பிரேக்: பிடித்துக்கொண்டு தள்ளினால் சக்கரம் சுழலக் கூடாது. பிள்ளையின் விரல் பிரேக் பிடிக்கு எட்டுகிறதா என்பதும் முக்கியம்.
* செயின்: துரு இருந்தால் துடைத்து எண்ணெய் விடுங்கள்.
* ஆட்டம்: சைக்கிளைச் சற்றுத் தூக்கிப் போட்டால் கடகடவென்று சத்தம் வந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது.
* உயரம்: உட்கார்ந்த நிலையில் பிள்ளையின் முன்பாதங்கள் தரையைத் தொட வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு முழுப் பாதமும் பதியட்டும். 'வளர்ந்துவிடுவான்' என்று பெரிய சைக்கிள் வாங்குவது விழுவதற்கே வழி. 5, 6 வயதுக்கு 16 அங்குலச் சக்கரம், 7 முதல் 9 வரை 20 அங்குலம், அதற்கு மேல் 24 அங்குலம் என்பது பொதுவான அளவு.

தலைக்கவசம் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். பின்னால் சரிந்து நெற்றி தெரிந்தால் பயனில்லை. தாடையில் கட்டும் பட்டைக்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பெரியவர்களும் அணியுங்கள், அப்பா அணியாததைப் பிள்ளையும் அணியாது.

முன்பு தோட்டத்தில் பின் தாங்கியிலும் முன் கம்பியிலும் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுவது வழக்கம். சக்கரக் கம்பியில் கால் மாட்டிக் குதிகால் கிழிந்த தழும்பு இன்றும் சிலரிடம் உண்டு. கைக்குழந்தையை சைக்கிளில் ஏற்ற வேண்டாம். தானாக நன்கு உட்காரும் சின்னப் பிள்ளைக்குப் பட்டையும் கால் மறைப்பும் உள்ள தனி இருக்கை வேண்டும். பின்புற இருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ வரையே தாங்கும். துப்பட்டா, நீளப் பாவாடை, தொங்கும் காலணிக் கயிறு ஆகியவை சக்கரத்திலும் செயினிலும் சிக்கும். காற்சட்டையும் மூடிய காலணியும் நல்லது.

யார் முன்னே, யார் பின்னே?

பெரியவர் இருவர் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். பிள்ளைகள் நடுவில் ஒற்றை வரிசையாக. முன்னால் போகிறவர் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பின்னால் வருகிறவர் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர்தான் என்றால் பிள்ளையை முன்னே விட்டு, தான் சற்றுப் பின்னால் வலப்பக்கம் ஓட்டுங்கள். நம் நாட்டில் இடப்பக்கப் போக்குவரத்து என்பதால், வாகனத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே நீங்கள் இருப்பீர்கள்.

'நில்', 'மெதுவா', 'இடது ஓரம்' என்ற மூன்று சொற்களை வீட்டு வாசலிலேயே பழக்குங்கள். 'நில்' என்றால் காரணம் கேட்காமல் நிற்க வேண்டும். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகக் கூடாது. கதவு திடீரென்று திறக்கும். தெருநாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதை விட, இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அமைதியாக நடப்பது பாதுகாப்பு.

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு ஒரு பேச்சு அவசியம். 2017 பிப்ரவரி 18 அதிகாலை மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாருவில் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த இளையோர் கூட்டத்தின் மீது கார் மோதி எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். நாடே அதிர்ந்தது. பிரேக் கழற்றி, கைப்பிடி தாழ்த்தி மாற்றியமைக்கும் 'பாசிக்கல் லாஜாக்' மோகம் அதன்பின் பெரிதாகப் பேசப்பட்டது. மிரட்டலாக இல்லாமல், பிரேக்கும் விளக்கும் ஏன் வேண்டும், எந்த நேரத்தில் எந்தச் சாலை ஆபத்து என்பதை இதைச் சொல்லியே விளக்கலாம். பகலில் குடும்பத்தோடு ஓட்ட இடம் கிடைத்த பிள்ளைக்கு நள்ளிரவுச் சாலை மீது ஈர்ப்பு குறையவும் வாய்ப்புண்டு.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு. வாழைப்பழம், பிஸ்கட் போன்ற எளிய தீனி. காயத்துக்கு மருந்து, பஞ்சு, ஒட்டுப்பட்டை. காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப். மழை அங்கி, மாற்றுத் துணி. குப்பைக்கு ஒரு பை. ஆற்றோரத்தில் நம் தீனி உறை ஒன்றும் கிடக்கக் கூடாது. பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் வையுங்கள். அவசர எண் 999.

தாத்தா, பாட்டியும் வரலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்கக் கூடாது. கையில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே நிறுத்தி அதைச் சாப்பிட வேண்டும். நெஞ்சுவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே மிதிக்க வேண்டும். ஓட்டாவிட்டாலும் அவர்கள் ஆற்றங்கரை இருக்கையில் காத்திருந்து, பேரப்பிள்ளைகள் வந்து சேரும்போது தண்ணீர் கொடுக்கலாம். பால் வாளியோடு ஓட்டிய காலத்தைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எது?

பாதை கேட்பதும் நம் வேலை

குடும்பங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சாலையைப் பாதுகாப்பாக்கும் பொறுப்பு அவர்களுடையது மட்டும் ஆகாது. இன்று சைக்கிள் நாடு என்று பெயர் பெற்ற நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 400க்கும் அதிகமான பிள்ளைகள் இறந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகே அங்கே தனிப்பாதைகள் பெருகின. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களிலிருந்து ஞாயிறுதோறும் முக்கியச் சாலைகளை மூடி மக்களுக்கு விடுகிறார்கள். இன்று அது 100 கிலோமீட்டருக்கும் மேல். கோலாலம்பூரிலும் காரில்லாக் காலை நிகழ்ச்சி நடந்து வந்திருக்கிறது.

கெடாவிலும் கேட்கலாம். அலோர்ஸ்டார் மாநகர் மன்றத்துக்கும் சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகத்துக்கும், தாமான் குடியிருப்பாளர் சங்கம், கோயில் இளைஞர் பிரிவு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவை எழுதலாம். 'சைக்கிள் பாதை வேண்டும்' என்று பொதுவாக எழுதுவதை விட, எந்த இடத்தில் விளக்கு இல்லை, எந்தக் கடப்பில் வாகனம் நிற்பதில்லை, எங்கே குழி என்று படத்தோடு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். அதை எழுத, அங்கே ஒருமுறையாவது மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை முடியாவிட்டால் அடுத்த சனிக்கிழமை. இன்று மாலை செய்ய வேண்டியது ஒன்றே: சைக்கிளைத் தாழ்வாரத்திலிருந்து வெளியே எடுத்து, டயரை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.